‘மேலும்’ இல்லாத ஒரு பத்தி

எங்கள் தமிழ் வகுப்பில் ‘மேலும்’ என்ற சொல்லுக்குத் தடை. பேச்சில் யாரும் அதைச் சொல்வதில்லை, அதனால் அங்கே தொல்லை இல்லை. கட்டுரை எழுத உட்கார்ந்ததும்தான் அது வரிக்கு வரி வந்து நிற்கும். மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில் ஊரில், எஸ்.சி. (ஸ்கூல் சர்டிஃபிகேட்) தேர்வுக்குத் தமிழை ஒரு பாடமாக எடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சனிக்கிழமைகளில் கட்டுரைப் பயிற்சி தருகிறேன். ஒருமுறை புயலைப் பற்றி எழுதச் சொன்னேன். ஒரு பெண் இப்படி எழுதித் தந்தாள். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

“2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தது. மேலும் பலத்த மழை பெய்தது. எனவே போர்ட் லூயியில் வெள்ளம் வந்தது. மேலும் கார்கள் மிதந்தன. ஆகவே மக்கள் பயந்தார்கள். மேலும் என் அப்பா வீட்டுக்கு வரவில்லை. இருப்பினும் அவர் இரவில் வந்தார்.”

இலக்கணப்படி இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழு வாக்கியம், அவற்றுக்கு நடுவே ஆறு இணைப்புச்சொல். எந்த வாக்கியமும் தனியாக விடப்படவில்லை. ஆனாலும் படித்து முடித்தால் ஏழு வாக்கியமும் ஏழு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. கார்கள் மிதந்ததும் அப்பா வராததும் ஒரே ‘மேலும்’ போட்டு ஒரே தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. அப்பா வராமல் போனதற்குக் காரணமே அந்த வெள்ளம்தான். அந்தக் காரணம்தான் கதை. அதை ‘மேலும்’ விழுங்கிவிட்டது.

“எழுதினது கிடக்கட்டும், அன்றைக்கு என்னதான் நடந்தது, சொல்லு” என்றேன். அவள் கிரியோலில் ஆரம்பித்தாள். இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டுமொழி கிரியோல்தான், தமிழ் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் வருவது. அவள் சொன்னதன் சாரம் இது: பப்பா போர்ட் லூயியில் ஆபீசில் இருந்தார். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள், ‘மே’ எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பியதால் சாலை அடைத்துக்கொண்டது. ‘லேர்லா’ தண்ணீர் வந்தது. அவர் காரை விட்டுவிட்டு ஒரு மாடிக்கு ஏறினார், ‘அகோஸ்’ முன்னால் நின்ற கார் நகர ஆரம்பித்துவிட்டது, உள்ளே ஓட்டுநர் இல்லாமலேயே. போனில் சார்ஜ் இல்லை. அம்மா வாசலிலேயே நின்றாள்.

ஆனால், அப்புறம், ஏனென்றால். மூன்றே சொல், மூன்றும் சரியான இடத்தில். ‘போனில் சார்ஜ் இல்லை’ என்பதற்கும் ‘அம்மா வாசலிலேயே நின்றாள்’ என்பதற்கும் நடுவே அவள் ஒன்றுமே போடவில்லை. போட்டிருந்தால் கெட்டுப்போயிருக்கும். கோக்க இந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். தாளைக் கண்டதும் அந்தத் திறமை எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் அவளுடைய பையிலேயே இருந்தது. மூன்று மொழிக்கும் மூன்று பட்டியல் வைத்திருந்தாள். ஆங்கிலக் கட்டுரைக்கு ஃபர்ஸ்ட்லி, மோரோவர், ஹவெவர், இன் கன்குளூஷன். பிரெஞ்சுக்கு தாபோர், ஆன்சுயித், ஆன்ஃபேன். பிரெஞ்சு இணைப்புச்சொற்களை மறக்காமலிருக்க ஒரு வேடிக்கையான வாக்கியத்தைச் சொல்லித்தருவார்கள்: ‘மே ஊ ஏ தோங்க் ஓர்னிகார்?’ ஆமாம், ஓர்னிகார் எங்கேதான் போனான் என்று அர்த்தம். அப்படி ஒரு ஆள் கிடையாது. வாக்கியத்தைப் பிரித்தால் ஏழு இணைப்புச்சொல் வரிசையாக வரும். தமிழுக்கு அவள் வைத்திருந்த தாளில் மேலும், எனவே, ஆகவே, இருப்பினும், முடிவாக என்று மேலிருந்து கீழாக எழுதி, பக்கத்தில் ஆங்கிலச் சொல்லும் எழுதியிருந்தது. ‘இவற்றைப் பயன்படுத்தினால் மதிப்பெண் கிடைக்கும்’ என்று கீழே ஒரு வரி. யார் கொடுத்த தாள் என்று நான் கேட்கவில்லை. அது போன்ற தாள்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, நானும் அப்படி ஒன்றை மனப்பாடம் செய்தவள்தான்.

பட்டியல் தப்பு என்று சொல்ல மாட்டேன். அதில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. ஒவ்வொரு இணைப்புச்சொல்லும் ஒரு கூற்று. ‘எனவே’ என்று எழுதினால், ‘முதலில் சொன்னது காரணம், இப்போது சொல்வது விளைவு’ என்று நான் அடித்துச் சொல்கிறேன். ‘ஆனால்’ என்றால், ‘நீங்கள் ஒன்றை எதிர்பார்த்திருப்பீர்கள், நடந்தது வேறு’ என்கிறேன். அது உண்மையாக இருக்கவேண்டும். கார்கள் மிதந்தன, ஆகவே மக்கள் பயந்தார்கள். சரி, இது உண்மை. புயல் வந்தது, மேலும் மழை பெய்தது. இங்கே ‘மேலும்’ என்ன சொல்கிறது? ‘இன்னொன்றும் இருக்கிறது’ என்கிறது. அடுத்த வாக்கியம் இருப்பதே கண்ணுக்குத் தெரிகிறது, அதைச் சொல்ல ஒரு சொல் எதற்கு? அதனால்தான் தடை. மற்ற சொற்கள் பொய் சொன்னாலாவது கண்டுபிடிக்கலாம். ‘மேலும்’ எதையும் சொல்லாததால் அது பிடிபடுவதே இல்லை.

பொய் சொல்லும் சொற்களில் எனக்குச் சுவாரசியமானது ‘ஆனால்’. எழுதுபவர் மனசுக்குள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். ‘ஏழை, ஆனால் நாணயமானவர்’ என்று யாராவது எழுதினால் அந்த ஏழையைப் பற்றி நமக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, எழுதியவரைப் பற்றி நிறையத் தெரிகிறது. சென்னையிலிருந்து சுற்றுலா வந்துவிட்டுப் போகிறவர்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் ஒரு வாக்கியம் மாறாமல் வரும்: ‘டிரைவர் மொரீஷியஸ் தமிழர், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியவில்லை.’ அதற்கு அடுத்த பத்தியில், ‘கோயில் அர்ச்சகர் இங்கேயே பிறந்தவர், ஆனால் நன்றாகத் தமிழ் பேசினார்.’ இரண்டு ‘ஆனால்’களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழர் என்றால் தமிழ் தெரிந்திருக்கவேண்டும் என்று ஒன்று சொல்கிறது, இங்கே பிறந்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது என்று மற்றொன்று சொல்கிறது. இரண்டும் ஒரே ஆள் எழுதியவை. இங்கே பிறந்த என் மாணவர்கள் இந்த வரிகளைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். நல்ல வேளை, சிரிக்கிறார்கள்.

சரி, தமிழில் இணைப்பு எங்கே இருக்கிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் இதைக் கேட்டதும் முதலில் நம்புவதில்லை. இணைப்பில் பெரும்பகுதி தனிச்சொல்லாக வருவதே இல்லை, வினைச்சொல்லின் வாலில் வருகிறது. மழை பெய்தது என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெய்ததால் சாலையை மூடினார்கள். பெய்ததும் மூடினார்கள். பெய்தாலும் மூட மாட்டார்கள். பெய்தும் மூடவில்லை. பெய்தபோது மூடியிருந்தது. பெய்வதற்குள் மூடிவிட்டார்கள். பெய்யப் பெய்யத் தண்ணீர் ஏறியது. பெய்யாமலே வெள்ளம் வந்தது. காரணம், காலம், எதிர்ப்பு, முந்துதல், கூடவே நடப்பது என்று அத்தனையும் வாலிலேயே வந்துவிட்டன. ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டவர்கள் வினையை ‘பெய்தது’ என்று முடித்து, புள்ளி வைத்து, பிறகு ‘எனவே’ என்று ஆரம்பிக்கிறார்கள். வாலை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் கட்டுப் போடுகிற வேலை இது.

‘பெய்தாலும்’, ‘பெய்தும்’ இரண்டையும் பலகையில் எழுதி வித்தியாசம் கேட்பது என் வழக்கம். முதலாவதில் மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். இரண்டாவதில் பெய்தேவிட்டது, ஆனாலும் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ‘எச்சரிக்கை கொடுத்தாலும் கேட்க மாட்டார்கள்’ என்பது புலம்பல். ‘எச்சரிக்கை கொடுத்தும் கேட்கவில்லை’ என்பது குற்றச்சாட்டு. பத்திரிகையில் இரண்டாவதை எழுதுகிறவருக்கு ஆதாரம் வேண்டும்.

‘உம்’ பெரிய கதை. தொல்காப்பியமும் நன்னூலும் அதற்கு எட்டெட்டுப் பொருள் சொல்கின்றன, எட்டையும் மனப்பாடம் செய்யச் சொல்லி நான் யாரையும் கொல்வதில்லை. ‘அப்பாவும் வந்தார்’ என்றால் வேறு யாரோ ஏற்கெனவே வந்திருக்கிறார்கள். ‘அமைச்சரும் நனைந்தார்’ என்றால் அமைச்சரே நனைந்தார் என்ற அழுத்தம். ‘நால்வரும் வந்தார்கள்’ என்றால் ஒருவர் விடாமல் வந்தார்கள். ஓர் உயிரும் ஒரு மெய்யும் இவ்வளவு வேலை செய்யும்போது, ‘அம்மா மற்றும் அப்பா’ என்று எழுத எப்படி மனசு வருகிறது என்று தெரியவில்லை. அம்மாவும் அப்பாவும். அவ்வளவுதான். ‘மற்றும்’ கடைப் பலகையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

இதைச் சொல்லிக்கொடுத்த அடுத்த வாரமே எதிர்ப்பக்கத்தில் ஒரு விபத்து நடக்கும் என்று எனக்குத் தெரியும், நடக்கவும் செய்தது. ஒரு பையன் பத்தி முழுவதையும் ஒரே வாக்கியமாக எழுதிவந்தான். காலையில் எழுந்து, பல் தேய்த்து, அம்மா டீ போட்டு, நான் குடித்து, பஸ் வந்து, ஏறி, மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி என்று கியூர்பீப்பிலிருந்து போர்ட் லூயி வரைக்கும் மூச்சுவிடாமல் ஒரே ஓட்டம். இதற்கு நம் இலக்கணத்தில் பழைய விதி உண்டு. ‘செய்து’ என்ற எச்சம் பொதுவாகத் தன் எழுவாயின் வினையிலேயே போய் முடியவேண்டும். எழுந்தவன்தான் பல் தேய்க்கவேண்டும். அம்மா டீ போட்டால் நான் குடிக்க முடியாது என்பதில்லை, குடிக்கலாம், ஆனால் அதற்கு ‘போட்டு’ போதாது. ‘அம்மா போட்ட டீயைக் குடித்துவிட்டு’ என்று பெயரெச்சமாக்கவேண்டும், இல்லையென்றால் வாக்கியத்தை அங்கே நிறுத்தவேண்டும். ‘மழை பெய்து ஆறு நிரம்பியது’ என்று சொல்கிறோமே என்று அவன் மடக்கினான். நல்ல கேள்வி. முதல் வினை இரண்டாவதற்குக் காரணமாக இருந்தால் அந்த விதி இடம் கொடுக்கிறது. மழைதான் ஆற்றை நிரப்பியது. அம்மா டீ போட்டதா பஸ்ஸை வரவழைத்தது?

தமிழில் காரணம் முன்னால் வருவதுதான் இயல்பு. ‘சாலை மூடியிருந்ததால் அப்பா வரவில்லை.’ பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கிரியோலிலும் விளைவைச் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பின்னால் கொண்டுவருவது சகஜம், அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் ‘அப்பா வரவில்லை, ஏனெனில் சாலை மூடியிருந்தது’ என்று எழுதுகிறார்கள். இது பிழையில்லை. சில சமயம் இதுதான் சரி. அப்பா வராததைக் கேட்டு வாசகருக்கு மனசு திக்கென்று ஆகவேண்டும், காரணம் கொஞ்சம் தாமதமாக வரவேண்டும் என்றால் ‘ஏனெனில்’ கைகொடுக்கும். ஆனால் எல்லாக் காரணத்தையும் அப்படி எழுதினால், ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறப்பது போல் ஆகிவிடுகிறது.

பிள்ளைகளுக்கு நான் தரும் சோதனை ஒன்றே ஒன்று. இரண்டு வாக்கியத்துக்கு நடுவே விரலை வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் படிப்பவர் என்ன கேட்பார் என்று யோசிக்கவேண்டும். ஏன்? அதனால் என்ன? அப்படியென்றால்? யார் சொன்னது? அப்புறம்? அந்தக் கேள்வி தெரிந்துவிட்டால் அடுத்த வாக்கியம் எப்படித் தொடங்கவேண்டும் என்பது தானாகத் தெரியும். ஒரு கேள்வியும் தோன்றவில்லை என்றால் அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உறவே இல்லை, எந்தச் சொல்லைப் போட்டும் பிரயோசனமில்லை. நம் பழைய உரையாசிரியர்கள் இந்தக் கேள்வியை மறைப்பதுகூட இல்லை. ‘அஃது யாங்ஙனமெனின்’ என்று படிப்பவனின் கேள்வியைத் தாங்களே கேட்டுக்கொண்டு, அடுத்த வரியில் பதிலைச் சொல்வார்கள். உரைநடையில் அத்தனை உரிமை எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

இந்தச் சோதனையை வகுப்பில் ஒரு நாள் முழுக்க ஒரே ஜோடி வாக்கியத்தை வைத்துச் செய்தோம். முதலாவது: ‘மொரீஷியசில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை.’ இரண்டாவது: ‘இங்கே தமிழர் வீடுகளில் பெரும்பாலும் பேசுவது கிரியோல்.’ இரண்டும் உண்மை, பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நடுவே என்ன போடலாம்?

பெரும்பாலானவர்கள் ‘ஆனால்’ என்றார்கள். அரசு விடுமுறை, ஆனால் வீட்டில் கிரியோல். அப்படியென்றால் கட்டுரை ஒரு புலம்பலாகப் போகும். திருவிழாவுக்கு லீவு விடுகிறார்கள், மொழி போய்விட்டதே என்று. கோயில் மலர்களில் இந்தக் கட்டுரை வருஷா வருஷம் வரும்.

ஒரு பையன் வரிசையை மாற்றினான். ‘தமிழர் வீடுகளில் பேசுவது பெரும்பாலும் கிரியோல். ஆனாலும் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை.’ சொற்கள் கிட்டத்தட்ட அவையேதான், கட்டுரை தலைகீழாகிவிட்டது. இப்போது அது பெருமை. மொழி வீட்டைவிட்டுப் போன பிறகும் ஒரு சமூகம் தன் திருநாளை ஒரு நாட்டின் நாட்காட்டியில் நிறுத்தி வைத்திருக்கிறது. வாக்கியத்தின் கனம் கடைசியில் வருவதன் மேல்தான் விழுகிறது.

பின்வரிசைப் பெண் ஒருத்தி, “அதனால்தானோ என்னவோ என்று போடலாமா, மிஸ்?” என்றாள். வீட்டில் பேசுவது கிரியோல், அதனால்தானோ என்னவோ காவடிக்கு இத்தனை பிடிப்பு. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. ஏனென்றால் இது ஒரு கருத்து. மொழி சுமந்திருக்கவேண்டிய பாரமெல்லாம் திருவிழாவின் தோளில் வந்து இறங்கிவிட்டது என்கிறாள். உண்மையா, தெரியாது. எழுதுகிறவள் நிரூபிக்கவேண்டும். 1735-இல் லபுர்தொனே கவர்னராக வந்து பாண்டிச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்களைக் கொண்டுவந்த காலத்திலிருந்து தொடங்கலாம், 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களைப் பற்றிப் பேசலாம், தாத்தா பாட்டிகளைக் கேட்கலாம். ‘அதனால்தானோ என்னவோ’ என்ற இரண்டு சொல் அவளுக்கு ஒரு வருஷ வேலை வைத்துவிட்டது. அதில் இன்னொரு நாகரிகமும் உண்டு. ‘எனவே’ என்று அடித்துச் சொல்லாமல், ‘என்னவோ’ என்று சந்தேகத்தை வைத்துக்கொண்டே இணைக்கிறது.

வரிசை என்றதும் இந்த ஊர்க்காரர்களுக்கு நோட்டு ஞாபகம் வரும். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்று மூன்று மொழி இருக்கிறது. 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குப் பின்னால் அச்சடித்துவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. ஒரு சொல்கூட மாறவில்லை, எது எதற்கு அடுத்து வருகிறது என்பது மட்டும்தான் மாறியது. எழுத்தில் வரிசைக்கு அர்த்தம் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

வரிசை சரியாக இருந்தால் இணைப்புச்சொல் பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு வாக்கியம் எதில் முடிகிறதோ அதைத் தொட்டுக்கொண்டு அடுத்தது ஆரம்பித்தால் போதும். ‘அப்பா காரை விட்டுவிட்டு ஒரு மாடிக்கு ஏறினார். மாடியில் ஏற்கெனவே இருபது பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவரிடம்தான் சார்ஜ் உள்ள போன் இருந்தது.’ மாடி, மாடியில், அதில். ஒரு ‘மேலும்’ உண்டா? 1976-இல் மைக்கேல் ஹாலிடே, ருகையா ஹசன் என்ற இரண்டு மொழியியலாளர்கள் ஆங்கிலத்தில் வாக்கியங்கள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று ஆராய்ந்து ஐந்து வழி சொன்னார்கள். சுட்டுச்சொல், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைப்பது, சொல்லாமல் விடுவது, இணைப்புச்சொல், ஒரே சொல்லோ உறவுள்ள சொல்லோ திரும்ப வருவது. ஐந்தில் ஒன்றுதான் இணைப்புச்சொல். பள்ளிக்கூடத் தாள் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. தமிழுக்கு இந்தக் கணக்கு இன்னும் சாதகம், எழுவாயைச் சொல்லாமல் விடுவது நமக்கு மூச்சுவிடுவது மாதிரி.

சுட்டில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ‘இது’ என்று ஒரு பத்தியை ஆரம்பித்தால், எது என்று கேட்டுப் பார்க்கவேண்டும். முந்தைய பத்தி முழுவதும் ‘இது’ ஆகிவிட முடியாது. ‘இந்தத் தயக்கம்’, ‘இந்த வெள்ளம்’, ‘இந்தச் சண்டை’ என்று ஒரு பெயரைச் சேர்த்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அப்படியானால் இணைப்புச்சொல் எங்கேதான் வேண்டும்? மொரீஷியசில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், இந்தத் தீவில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ரோன் புவான், அதாவது சாலைகள் கூடும் வட்டச் சந்திப்பு, வரும். நேர்ச்சாலையில் யாரும் அம்புக்குறிப் பலகை வைப்பதில்லை. ரோன் புவானுக்கு முன்னால் பலகை இல்லையென்றால் மோக்கா போகவேண்டியவன் கத்ர் போர்ன் போய்ச் சேருவான். எழுத்திலும் திரும்புகிற இடத்தில்தான் பலகை வேண்டும். ஒத்துப்போய்க்கொண்டிருந்த பேச்சு எதிராகத் திரும்பும் இடம், பொதுவாகச் சொன்னதிலிருந்து ஓர் உதாரணத்துக்கு இறங்கும் இடம், பக்கவாட்டில் போய்விட்டு மறுபடி விஷயத்துக்கு வரும் இடம்.

அந்த இடங்களுக்கு நம் வாய்ப்பேச்சில் இருக்கும் சொற்கள் தாளில் இருப்பவற்றைவிடக் கெட்டிக்காரச் சொற்கள். ‘அது போகட்டும்’ என்றால் விவாதத்தைத் தோற்காமலேயே மூடிவிடலாம். ‘போதாக்குறைக்கு’ என்பது ‘மேலும்’ செய்யத் தவறிய வேலையைச் செய்கிறது. ஏற்கெனவே இருந்த தொல்லைமேல் இன்னொரு தொல்லை என்று அது திட்டவட்டமாகச் சொல்கிறது. போனில் சார்ஜ் இல்லை, போதாக்குறைக்கு மின்சாரமும் போய்விட்டது. நல்ல செய்திக்கு அதைப் போட முடியாது, போட்டால் சிரிப்பு வரும். ‘சொல்லப்போனால்’ முன்னால் சொன்னதைக் கொஞ்சம் திருத்துகிறது. ‘பார்க்கப்போனால்’ கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறது. ‘இது இப்படியிருக்க’ பழைய செய்தித்தாள் வாசனை அடித்தாலும், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நடப்பதைச் சொல்ல அதைவிட வசதியானது இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ‘இத்தனைக்கும்’. ‘2024-இல் போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. இத்தனைக்கும் 2013 மார்ச்சில் திடீர் வெள்ளத்துக்கு 11 பேரைப் பறிகொடுத்த நகரம் அது.’ இங்கே ‘ஆனால்’ போட்டுப் பாருங்கள், உதவாது. ‘மேலும்’ போட்டால் வெள்ளப் பட்டியல். ‘இத்தனைக்கும்’ போட்டதும் யாரையும் பெயர் சொல்லித் திட்டாமலேயே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. முதலில் நடந்ததைச் சொல்லி, நடந்திருக்கக்கூடாது என்பதற்கான காரணத்தைப் பின்னால் கொண்டுவந்து வைக்கிறது. தேர்வுக் கட்டுரையில் இதை எழுதலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். தாராளமாக எழுதலாம், இது கொச்சை இல்லை.

தேர்வைப் பற்றிக் கேட்கிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இணைப்புச்சொல் இல்லாவிட்டால் மதிப்பெண் குறையுமே என்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதி முடித்த பிறகு எல்லா இணைப்புச்சொல்லையும் பென்சிலால் அடைத்துவிட்டு, அவை இல்லாமல் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். எங்கே தடுக்குகிறதோ அங்கே மட்டும் திரும்பப் போடவேண்டும். அந்தப் பெலால் கட்டுரையை அந்தப் பெண் இப்படித் திருப்பி எழுதினாள்:

“2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது அப்பா போர்ட் லூயியில் இருந்தார். மழை வலுத்ததும் ஆபீசை மூடிவிட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பியதால் சாலையில் கார்கள் நகரவில்லை. அப்புறம் தண்ணீர் வந்தது, கார்கள் நகர்ந்தன. அப்பா காரை விட்டுவிட்டு ஒரு மாடியில் ஏறி நின்றார். போனில் சார்ஜ் இல்லை. அம்மா இரவுவரை வாசலிலேயே நின்றாள்.”

‘கார்கள் நகரவில்லை’, ‘கார்கள் நகர்ந்தன’ என்று அவள் வைத்ததை நான் சொல்லித்தரவில்லை. ‘அப்புறம்’ ஒன்றுதான் தனி இணைப்புச்சொல், மற்றதெல்லாம் வால்கள்.

இந்தப் பத்தியைக் கோயில் மலரில் போடக் கொடுத்தோம். அந்த மலரைச் சரிபார்க்கும் வேலையும் என் தலையில்தான். அதே இதழுக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் முருக வழிபாட்டைப் பற்றி எழுதியிருந்தார். விஷய ஞானம் நிறைந்த கட்டுரை, ஆனால் பத்திக்கு மூன்று ‘ஆதலால்’. நான் பாதிக்கு மேல் எடுத்துவிட்டு அனுப்பினேன். மறுநாளே போன் வந்தது.

“என்ன மிஸ், என் ஆதலால் எல்லாத்தையும் காணோமே?”

“படிக்கிறவங்களுக்கு அது இல்லாமலே புரியுது, ஐயா.”

“படிக்கிறவங்களுக்குப் புரியும். நான் இதை மேடையில படிக்கப்போறேன். கேக்கிறவங்க திரும்பிப் போய்ப் பார்க்க முடியுமா? அதுவும் பாதிப் பேருக்குத் தமிழ் அரைகுறை. நான் ஆதலால்னு நிறுத்தினா, சரி, இப்போ முக்கியமானது வருதுன்னு நிமிர்ந்து உக்காருவாங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காதால் கேட்பவருக்கு வரிசை மட்டும் போதாது. பக்கத்தில் குழந்தை அழும், ஒரு வாக்கியம் தவறிவிடும், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும். எழுத்துக்கு நான் சொன்ன பல விஷயங்கள் மேடைக்குப் பொருந்தாது, வானொலிக்கும் அப்படித்தான். அதனால் உடன்படிக்கைக்கு வந்தோம். அச்சில் இரண்டே இரண்டு ‘ஆதலால்’, உண்மையாகவே காரணமும் விளைவும் இருக்கும் இடங்களில் மட்டும். மேடையில் அவர் இஷ்டம். விழா அன்று அவர் மலரைப் பிரித்து மைக் முன்னால் நின்று படித்தார். நான் எடுத்திருந்த ஒவ்வொரு ‘ஆதலால்’ஐயும் அதனதன் இடத்தில் திரும்பச் சேர்த்துப் படித்தார், புதிதாகவும் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார். கூட்டம் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தது.